வெட்டாமல் மாற்றுவது

பழைய கார் ஒன்றை வீட்டில் நிறுத்திச் சீர்செய்கிறவனிடம் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எல்லாம் ஒரிஜினலா?" நானும் பல பேரிடம் அதைக் கேட்டிருக்கிறேன். மாரிஸ் மைனர் என்கிற என் பழைய பிரிட்டிஷ் காரைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பழைய வண்டிகளோடு பழகியவர். குனிந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே பழைய வகை டிரம் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் காலத்து டிஸ்க் பிரேக் இருந்தது. "வேலை சுத்தமா இருக்கு தம்பி. ஆனா இது இனிமே மைனர் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னவர் விஷயம் தெரிந்தவர் என்பதால்தான் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவே இல்லை. எது வரைக்கும் அது மைனர்? எந்த போல்ட்டைக் கழற்றும்போது அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது?

இந்தக் கேள்வியை இதே காரிடம் கேட்டுப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மைனரின் பானெட் நடுவில், முன்னிருந்து பின்னாக, பட்டையாக ஒரு மேடு ஓடும். பலர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு வெட்டின் அடையாளம். 1947 கடைசியில், வடிவம் முடிவாகி, தயாரிப்புக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸுக்குக் கார் ரொம்பக் குறுகலாகத் தெரிந்தது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். 4 அங்குலம் அகலமாகியிருந்தது. பம்பர்கள் அதற்குள் பழைய அளவில் செய்யப்பட்டுவிட்டதால், ஆரம்ப கால வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி, 4 அங்குலத் துண்டு வைத்து இணைத்தார்கள். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் உலகம் பார்த்தது அந்த ஒட்டுப்போட்ட காரைத்தான். அதற்கப்புறம் 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அது. எல்லாவற்றிலும் அந்த மேடு இருக்கிறது. அதை அழித்தால்தான் இன்று ஒரிஜினல் போய்விட்டது என்போம்.

தயாரித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 918 சிசி எஞ்சின் 803 ஆயிற்று, 1956-இல் 948 ஆயிற்று, 1962-இல் 1098 ஆயிற்று. இரண்டாகப் பிளந்திருந்த முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியானது. பக்கத்துத் தூணிலிருந்து நீட்டிக் காட்டும் டிராபிகேட்டர் கைகாட்டிகள் 1961-இல் போய், மின்னும் இண்டிகேட்டர் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் மாறிக்கொண்டே இருந்த வண்டி. அதில் ஒரு நாளைப் பிடித்து நிறுத்தி, "இதுதான் அசல்" என்று சொல்வதில் ஒரு கட்டாயம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. என் வண்டி 948 சிசி காலத்தது. கைகாட்டி வைத்துப் பிறந்த வண்டி.

கருத்துக்கு இடமில்லாத வேலை

ஒரிஜினலா இல்லையா என்கிற பேச்செல்லாம் துருவைப் பார்க்காதவரை நடக்கிற பேச்சு. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடம்பே சட்டகம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளும், தரைக்கு அடியில் குறுக்கே போகும் உத்தரமும்தான் வண்டியின் முதுகெலும்பு. முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பிகள், பின்பக்கம் வந்து அந்த உத்தரத்தில்தான் பிடித்திருக்கின்றன. அங்கே துரு தின்றால் முன்சக்கரத்தின் பாரம் போய் உட்கார இடமிருக்காது. வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். ஒரு மழுங்கிய ஸ்குரூ டிரைவரோடு கீழே படுத்து, உத்தரத்தையும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி போட்டு மூடிய இடம் மந்தமாக ஒலிக்கும். துருவின் மேல் பட்டி போடுவது, சீழ் வைத்த புண்ணின் மேல் பவுடர் பூசுவது மாதிரி.

வெட்டி வெல்டிங் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். இரண்டு பக்கப் பெட்டித் தகடுகளையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகே மறுபக்கம். கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொண்டால் உடம்பு தொய்யாது. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பி போதும். தொடர்ந்து ஓட்டாமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி தள்ளி அங்கே என்று வைத்துக்கொண்டே போனால் தகடு சூட்டில் நெளியாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று, இதைச் சத்தமாகவே சொல்கிறேன்: பிரேக் சுத்தம் செய்யும் ஸ்பிரேக்களில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதைத் தெளித்த தகட்டில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்கிற நச்சுவாயு உண்டாகும். உயிரையே எடுக்கும். வெல்டிங் வேலைக்குப் பக்கத்தில் அந்த டப்பாவே இருக்க வேண்டாம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கிங்பின் மரையும் இதே வகைதான். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து கழன்று, சக்கரம் உடம்புக்கு அடியில் மடங்கிவிடும். மைனர் வைத்திருக்கும் எல்லாரும் இதை அறிவார்கள். இந்த வேலைகளில் பழமை, புதுமை என்கிற விவாதமே வராது. பலம் வேண்டும், அவ்வளவுதான்.

தூணுக்குள் இருந்தது

என் வண்டியில் கைகாட்டிகள் இல்லை. எப்போதோ ஒரு உரிமையாளர் அவற்றை எடுத்துவிட்டு, தூணில் இருந்த பள்ளங்களை மூடி, மின்னும் இண்டிகேட்டர் போட்டிருந்தார். வாங்கிய நாளிலிருந்தே அந்த மூடலைத் திறந்து, கைகாட்டியைத் திரும்ப வைக்க வேண்டும் என்பது என் திட்டம். சின்ன வயதில் பார்த்த மைனர்களில் எனக்கு நினைவிருப்பதே அந்த ஆரஞ்சு நிறக் கை சட்டென்று வெளியே நீண்டு, உள்ளே விளக்கு எரிவதுதான். ஆகவே ஒரு நாள் கிரைண்டரை எடுத்து இடது தூணில் வைத்தேன்.

மேலே இருந்த கிரீம் நிறம் போயிற்று. அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே ஒரு சாம்பல். பிறகு சிவப்பு பிரைமர். அடுத்து இரும்பு வந்து பொறி பறக்க வேண்டும். பறக்கவில்லை. சக்கரத்துக்குக் கீழே மங்கலான வெள்ளி நிறத்தில் ஏதோ இழுபட்டது. கிரைண்டரை உடனே நிறுத்தினேன். ஈயம். இன்றைய பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முன்பு, உடம்பின் இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கிப் பூசித்தான் சமன் செய்வார்கள். அதைக் கிரைண்டரில் அரைத்தால் தூள் நுரையீரலுக்குள் போகும். அரத்தாலோ சுரண்டியாலோதான் எடுக்க வேண்டும், அதுவும் நல்ல முகமூடி போட்டுக்கொண்டு. சரி, அவசரமாகச் செய்கிற வேலை இல்லை என்று ஆனதும், உள்பக்கமிருந்து நிலைமை என்ன என்று பார்க்கலாமே என்று தூணை மூடியிருந்த அட்டையைக் கழற்றினேன்.

டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த ஒட்டுத் தகட்டின் பின்பக்கம் தெரிந்தது. நாலு மூலைகளையும் வளைவாக வெட்டியிருந்தார்கள். கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும் என்று தெரிந்தவர் செய்த வேலை. ஓரங்களில் மஞ்சளாகப் பித்தளை ஓடியிருந்தது. கேஸ் வைத்து, பித்தளைக் கம்பியால் பொறுமையாகப் பற்றவைத்திருக்கிறார். ஒரு இடத்தில்கூடத் தகடு ஓட்டையாகவில்லை, நெளியவில்லை. உள்ளே கறுப்பாக ஒரு பூச்சு கொடுத்து, தண்ணீர் நிற்காமல் வடிய அடியில் சின்ன வழி விட்டிருந்தார். அதற்குக் கீழே, தூணின் குழிக்குள், துணி சுற்றிய பழைய வயர் ஒன்று வளையமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நுனியில் இன்சுலேஷன் டேப். கைகாட்டிக்கு வந்த வயர். அவர் அதை வெட்டி எறிந்திருக்கலாம். வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். வெட்டாமல், சுருட்டி, நுனியைப் பாதுகாப்பாக மூடி, பிற்காலத்தில் யாருக்காவது வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே விட்டிருக்கிறார்.

அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவருடைய வேலையை வெட்டி எடுக்க என் கை போகவில்லை. கைகாட்டியை மற்ற ஓட்டுநர்கள் கவனிக்க மாட்டார்கள் என்று பயந்து இண்டிகேட்டருக்கு மாறியிருப்பார். நியாயமான பயம். அந்த மாற்றத்துக்குக் காரை எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொட்டிருக்கிறார். தொழிற்சாலையில் தகடு அடித்தவருடைய வேலைக்கு நான் காட்டும் மரியாதையை இவருக்கு ஏன் காட்டக் கூடாது? அந்தக் கார் தொழிற்சாலையில் சில நாட்கள்தான் இருந்தது. மீதி வாழ்வெல்லாம் இவரைப் போன்றவர்கள் கையில்தான். அரைத்த இடத்தைத் துடைத்து, பிரைமர் அடித்து, ஒட்டின் பின்பக்கம் மெழுகு தெளித்து, அட்டையைத் திரும்ப மாட்டினேன். வயரும் அங்கேயே இருக்கிறது.

அப்புறம்தான் இதைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஃபிவா, 1966-இல் தொடங்கியது. அவர்கள் டூரின் சாசனம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது. ஒரு வாகனம் புழக்கத்தில் இருந்த காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, எல்லாவற்றையும் பிறந்த நாளின் தோற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை என்கிறது அது. புதிதாக மாற்றம் தேவைப்பட்டால் உறுத்தாமல், அடிப்படை அமைப்பைக் கெடுக்காமல், கூடியவரை திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய்யவும், கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரப்படுத்தவும் சொல்கிறது. தூணுக்குள் வயரைச் சுருட்டி வைத்தவர் இந்தச் சாசனத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

பெரிய போட்டிகளிலும் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் காட்சியில் பல வருஷங்களாக முதல் பரிசு பெற்றவை புத்தம் புதிதுபோல் மினுக்கிய கார்கள். 2024-இல் முதன்முறையாக, புதுப்பிக்காமல் காப்பாற்றி வைத்த ஒரு காருக்கு அந்தப் பரிசு போயிற்று. 1934-ஆம் வருஷத்து புகாட்டி டைப் 59. பழைய பெயிண்டோடு, காயங்களோடு நின்றது. எனக்கு அந்தச் செய்தி பெரிய மகிழ்ச்சி. தொழிற்சாலையில் கூட இல்லாத மினுமினுப்பைக் கொடுத்து, கதவு இடைவெளியை முடி அளவுக்குத் துல்லியமாக்கி, "அசல்" என்று பெயர் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. அந்தக் காலத்து மைனர் எதற்கும் அப்படியொரு இடைவெளி இருந்ததில்லை.

பிரேக்

ஆக, என் டிஸ்க் பிரேக்குக்கு வருகிறேன். 948 சிசி மைனரின் முன்பிரேக் 7 அங்குல டிரம். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும், நாலும் போய்விடும். மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், சட்டப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை உருவப் போனால் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்தக் காலத்துப் போக்குவரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று முன்னால் போகிற வண்டி நிற்கிற தூரத்தில் என் வண்டி நிற்காது. என் பிள்ளைகள் உட்காரும் வண்டி. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

மைனரிலேயே இருக்கும் போல்ட் துளைகளில் உட்காரும் டிஸ்க் செட்டைத் தேர்ந்தெடுத்தேன். புதிதாக ஒரு துளைகூட இல்லை. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் அப்படியே, ஏற்கெனவே உள்ள துளைகளில் ஒரு தாங்கி வைத்து. இந்த மாற்றம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி ஒரு சின்ன வால்வு இருக்கும். டிஸ்க்குக்குப் போகும் சுற்றில் அது இருந்தால், காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சூடேறும். அதை எடுத்துவிட வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதுகிற பழக்கமும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம்.

மற்றவற்றிலும் இதே கணக்குதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயிண்ட்டுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன் வைத்தேன். வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, பழைய பாயிண்ட் டாஷ்போர்டு அறையிலேயே இருக்கிறது. டைனமோவை மாற்றவில்லை. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மின்சாரம் கொடுப்பதே இல்லை எனலாம் என்பது உண்மை. ஆனால் ஆல்டர்னேட்டர் போட வேண்டுமானால் பெரும்பாலும் இந்த வண்டியின் பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு சேர்ந்திருப்பது) நெகட்டிவ் எர்த்தாகத் திருப்ப வேண்டும். நான் ராத்திரியில் ஓட்டுவது குறைவு, எனக்குத் தேவைப்படவில்லை. சீட்டின் பழைய தோலுக்கு எண்ணெய் கொடுத்துத் தைத்தேன். கிழிந்த ஓரங்கள் கிழிந்த ஓரங்களாகவே தெரிகின்றன. பெயிண்ட் முழுவதும் அடிக்கவில்லை, வெட்டிய இடங்களில் மட்டும் நிறம் சேர்த்தேன். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் இன்றைய பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்கிற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை ஸ்பிரே செய்யவே கூடாது. அந்த வசதி உள்ளவர்களிடம் அந்த வேலையைக் கொடுத்தேன்.

கழற்றிய டிரம், பேக் பிளேட், சிலிண்டர், குழாய் எல்லாம் கிரீஸ் பூசி, துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. எந்த போல்ட் எங்கே என்று அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறேன். ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறேன். வண்டி வேறு கைக்குப் போகும்போது பெட்டியும் நோட்டும் கூடவே போகும். வாங்குகிறவருக்கு அந்தப் பெரியவரின் கருத்துதான் என்றால், டிரம்மைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். நான் இருந்த தடம்கூடத் தெரியாது.

அவர் சொன்னதில் எனக்கு இன்னும் பாதி சம்மதம் உண்டு. டிரம் பிரேக்கோடு ஓட்டும்போது கால் வேறு மாதிரி யோசிக்கும். முன்கூட்டியே கியரைக் குறைக்கும், தூரத்தை அளக்கும். அந்தப் பழக்கம் அந்த வண்டியின் ஒரு பகுதி, அது என் வண்டியில் இப்போது இல்லை. அந்த இழப்பு தெரிந்தே செய்ததுதான். ஆனால் இழப்பு வேறு, சேதம் வேறு. ஸ்பீக்கர் வைக்கக் கதவை வட்டமாக வெட்டுவதும், பெரிய டயருக்காக மட்கார்டு ஓரத்தை அறுப்பதும், ரேடியோவுக்காக டாஷ்போர்டு தகட்டில் ஓட்டை போடுவதும் சேதம். அப்படி வெட்டின தகடு திரும்ப வராது. வேறு வண்டியிலிருந்து வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும், அப்போது அந்த இன்னொரு வண்டியும் போயிற்று. தன் ரசனைக்கு ஏற்ப வண்டியை மாற்றிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. நிறம், சீட் துணி, ஸ்டியரிங் சக்கரம், எஞ்சினே ஆனாலும் சரி, போல்ட்டில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது நண்பர்கள் ஐந்து கியர் பெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆசை எனக்கும் இருக்கிறது. மைனரின் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது, நீண்ட சாலையில் நாலாவது கியரில் எஞ்சின் மூச்சிரைக்கும். ஆனால் நான் பார்த்த முறைகளில் கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குத் தகட்டில் ஒரு பகுதியை அறுக்க வேண்டியிருக்கிறது. அறுக்காமல் உட்காரும் பெட்டி கிடைத்தால் மாற்றுவேன். கிடைக்காவிட்டால் நாலு கியரே இருக்கட்டும்.